ரோலர் மட்டும் காய்ந்தது

கள்ளிக்குப்பம் பெயின்டர் பாஸ்கலின் வாயில் நாற்பத்தாறு வயது வரைக்கும் வராத வார்த்தை ஒன்று உண்டு. கெட்ட வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள், அதெல்லாம் தாராளமாக வரும். வராத வார்த்தை 'தெரியாது'.

அம்பத்தூர் ஸ்டேஷனில் வெளியூர்க்காரர் யாராவது அரக்கோணம் வண்டி எந்தப் பக்கம் வரும் என்று கேட்டால் பாஸ்கல் ஒரு நொடிகூட யோசிக்காமல் கையை நீட்டிவிடுவார். கேட்டவர் பீச் ஸ்டேஷனில் போய் இறங்கி முழித்தால் அது அவர் தலையெழுத்து. மனைவி ஹில்டாவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று நர்சம்மாவுக்கே யோசனை சொல்லப் போய், வெளியே துரத்தப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றுகொண்டு, சாமியார் சற்றுமுன் வைத்த பிரசங்கத்துக்கு இவர் ஒரு விளக்கம் சொல்வார். சாமியார் சொன்னதும் இவர் சொன்னதும் ஒத்துப்போன ஞாயிறு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தப் பக்கத்தில் இதற்கு உதார் என்று பெயர். உதார் விடுகிறவர்கள் எந்தத் தெருவில்தான் இல்லை? ஆனால் மற்றவர்கள் ஏதோ ஒரு ஆதாயத்துக்கு விட்டார்கள். பாஸ்கல் பயத்தில் விட்டார். தெரியாது என்று சொன்ன அடுத்த நொடி நாலு பேர் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள் என்று ஒரு பயம் அவருக்கு. அதற்காக நாற்பது பேர் பின்னால் சிரித்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நுழைந்தவர். பட்டி பார்த்துத் தேய்த்தாரென்றால் தகரம் கண்ணாடியாகிவிடும். பஸ் பக்கவாட்டில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே மூச்சில் கோடு இழுப்பார், முடி அளவுகூடக் கோணாது. நம்பர் பிளேட்டிலும் வண்டி முதுகிலும் இங்கிலீஷ் எழுத்தை அச்சுப்போல எழுதுவார். எழுதியதை வாசிக்கத்தான் வராது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மாதிரிச் சீட்டைப் பார்த்து வரைகிற படம்தான் அவருக்கு இங்கிலீஷ்.

தொண்ணூற்று மூன்றில் அவர் ஜானகிராமன் ஷெட்டில் இருந்தார். ஜானகிராமன் பாரிவாக்கத்தில் நெல் போட்ட குடும்பத்துப் பிள்ளை. நிலத்தில் பாதி மனையாகப் போனதும் எஸ்டேட்டில் ஒரு ஷெட் பிடித்து, ஆவடியில் ஏலத்துக்கு வரும் பழைய மிலிட்டரி ஜீப்புகளை எடுத்து, பாடி மாற்றி, பெயின்ட் அடித்து விற்றுவந்தார். ஒன்றே ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். காட்டிலும் மலையிலும் ஏறக்கூடிய நாலு சக்கர இழுவை ஜீப் அது. அவர் போய்வருவதோ பாரிவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும். வழியில் ஏறுவதற்கு ஏரிக்கரையை விட்டால் வேறு மேடு கிடையாது. இருந்தாலும் ஆசை, யார் என்ன செய்ய முடியும்?

அந்த வருஷம் போர்மேன் அப்பாவு வேலையை விட்டு நின்றார். கண்ணாடித் தடுப்புக்குள் நாற்காலி காலியாகக் கிடந்தது. பாஸ்கலுக்கு அந்த நாற்காலி வேண்டும். உதாருக்காக மட்டும் என்று சொன்னால் அது அநியாயம். இருபத்தெட்டு வருஷம் தின்னர் புகையை மூக்கால் குடித்த நெஞ்சு அவருடையது. விடியற்காலையில் இருமத் தொடங்கினால் பக்கத்து வீட்டில் விளக்கு எரியும். இ.எஸ்.ஐ. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஸ்பிரே கன்னைத் தொடாத வேலையாகப் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் அப்புறம் என்னிடம் வந்து பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார். ஷெட்டில் ஸ்பிரே கன்னைத் தொடாத வேலை ஒன்றே ஒன்றுதான், அது கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. ஹில்டா அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டு ஏழு வாரத்தை முடித்திருந்தாள்.

போட்டிக்கு நாகேந்திரன் இருந்தான். முப்பத்தைந்து வயது, நிதானமானவன். எதைக் கேட்டாலும் முதலில் 'தெரியாது மொதலாளி' என்பான், பிறகு போய் விசாரித்து வந்து ஒழுங்காகச் செய்வான். இப்படிப்பட்டவன் முன்னேறவே மாட்டான் என்று பாஸ்கல் டீக்கடையில் பல தபா அடித்துச் சொல்லியிருக்கிறார்.

ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்னால் ஜானகிராமனின் மச்சான் மணவாளன் மஸ்கட்டிலிருந்து வந்தார். எல்லோரும் செண்டும் டேப்ரிக்கார்டரும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு பெரிய டப்பா, ஒரு சின்ன டப்பா, சொரசொரப்பான ரோலர் ஒன்று, மடித்த இங்கிலீஷ் சீட்டு ஒன்று. "பெட் லைனர் மாமா. வண்டிக்கு உள்ள தரையில அடிச்சா ரப்பர் மாதிரி புடிச்சுக்கும். துருவே வராது, கடப்பாரைய தூக்கிப் போட்டாலும் கீறாது" என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு திருத்தணிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஜானகிராமன் பெட்டியை ஷெட் நடுவில் வைத்து ஆட்களைக் கூப்பிட்டார். "இன்னாபா, இத்த அடிக்கத் தெரிஞ்சவன் யார்னா கீறானா?"

"எனக்குத் தெரியாது மொதலாளி. சீட்டுல இன்னா போட்டுக்கீதுன்னு யார்னா படிச்சு சொன்னாங்கன்னா, பாத்துகினே அடிப்பேன்" என்றான் நாகேந்திரன்.

பாஸ்கல் சிரித்தார். "இதுக்குப் போய் சீட்டு படிச்சுகினு... இந்த சரக்க நான் நாலு வண்டிக்கு அடிச்சுக்கீறேன் மொதலாளி."

"எங்கபா அடிச்சே?"

"பெங்களூர்ல."

பாஸ்கல் மேற்கே அரக்கோணத்தைத் தாண்டியவர் இல்லை. வாய் கூசாமல் பெங்களூர் வந்துவிட்டது. வந்ததோடு நிற்கவுமில்லை. பெட் என்றால் படுக்கை, வெளிநாட்டில் டிரைவர்கள் ராத்திரி வண்டியின் பின்னாலேயே படுத்துக்கொள்வார்கள், முதுகு உறுத்தாமல் இருக்க அடிக்கிற ரப்பர் இது என்று சுற்றி நின்ற எட்டுப் பேருக்கும் விளக்கமாகச் சொன்னார். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

"செரி, நீயே அடி. பூஜை அன்னிக்கு வண்டி ரெடியா நிக்கணும். அப்பாவு சேர்ல யாருன்னு அன்னிக்கே சொல்லிடறேன்" என்றார் ஜானகிராமன்.

சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பாஸ்கல் வீட்டுக்குப் போனார். சாப்பிட்டுவிட்டு அதை விரித்துப் பார்த்தார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் ரோலரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் இருந்தது. சுற்றிலும் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. மகள் ரோஸி பிளஸ் டூ, கான்வென்ட் படிப்பு. போன வருஷம் இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து, மதர் கையால் அகராதி பரிசு வாங்கியவள். எட்டிப் பார்த்து, "குடுப்பா, நான் படிச்சு சொல்றேன்" என்றாள்.

"எனக்கே பாடமா? நீ போய் உன் பாடத்தப் படி."

"பொண்ணு படிச்சா உங்க கிரீடம் ஒண்ணும் கீழ வுழுந்துடாது. குடுங்களேன்" என்றாள் ஹில்டா சமையலறையிலிருந்து.

"கம்னு கெட. நான் பாக்காத பெயின்டா?"

சீட்டு மறுபடியும் பைக்குள் போனது. மகளுக்கும் அப்பனுக்கும் நடுவில் ரெண்டு முழம் தூரம்தான். கையை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை, மனுஷன்.

மறுநாள் வேலையைத் தொடங்கினார். ஜீப்பின் பின் இருக்கைகளைக் கழற்றினார். தரையை எமரி பேப்பரால் தேய்த்து, துருவை அடிவரைக்கும் எடுத்து, தின்னர் நனைத்த துணியால் மூன்று தரம் துடைத்தார். ஓரமெல்லாம் பேப்பரும் டேப்பும் ஒட்டினார். அதுவரைக்கும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாத வேலை. பிறகு பெரிய டப்பாவைத் திறந்தார். கருப்பாக, கெட்டியாக, உள்ளே ரப்பர் துணுக்குகள் மிதக்கிற சரக்கு. கட்டையால் கிண்டினார். சின்ன டப்பாவைத் திறந்து முகர்ந்தார்.

அவர் கண்ட பெயின்டுக்கெல்லாம் கூட வருவது தின்னர்தான். இதுவும் தின்னராகத்தான் இருக்க வேண்டும், வெளிநாட்டுத் தின்னர், அதனால்தான் வாசனை வேறு. சரக்கோ பதமாக இருக்கிறது, இளக்க வேண்டிய அவசியமில்லை. ஆக, இது ரோலர் கழுவ. வெள்ளைக்காரன் எவ்வளவு சுத்தக்காரன் பாரு, கழுவுவதற்குத் தனி டப்பா கொடுத்திருக்கிறான் என்று பக்கத்தில் நின்ற வெல்டரிடம் மெச்சிக்கொண்டார்.

தரை, பக்கச் சுவர், சக்கரத்துக்கு மேல் வரும் தகரத் திட்டு என்று ஒரு இடம் விடாமல் ரெண்டு கோட்டு உருட்டினார். சாயங்கால வெளிச்சத்தில் ஜீப்பின் உள்பக்கம் கருகருவென்று புள்ளி புள்ளியாக, யானைத் தோல் மாதிரி நின்றது. ஷெட்டே வந்து வேடிக்கை பார்த்தது. நாகேந்திரன்கூட, "சூப்பரா கீது அண்ணாத்தே" என்றான். அந்த ரோலர் பாஸ்கலுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. இனி வரப்போகிற ஜீப்புகளுக்கு ஆகும் என்று சின்ன டப்பா மொத்தத்தையும் ஒரு தட்டில் ஊற்றி, ரோலரை அதில் புரட்டிப் புரட்டி ஊறவைத்து, ஆசையாக எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

பூஜை அன்று காலை எல்லோருக்கும் முன்னால் வந்து ஜீப் தரையில் விரலை வைத்தார். விரல் கருப்பாக வந்தது. வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் கருப்பு. ராத்திரி முழுக்கக் காய விட்டும் அடித்த நிமிஷத்தில் இருந்த மாதிரியே இருந்தது. அந்தோணியாரே, இந்த ஒரு நாள் காப்பாத்து என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு, விரலைக் கால்சட்டைப் பைக்குள் மறைத்தார்.

பத்து மணிக்குள் ஷெட் நிறைந்துவிட்டது. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. ஆட்களின் பெண்டாட்டி பிள்ளைகள் பொரிப் பொட்டலம் வாங்க வந்திருந்தார்கள். ஹில்டாவும் ரோஸியும் வந்திருந்தார்கள், அன்றைக்குத்தான் நாற்காலி அறிவிப்பு என்பதால் ஹில்டா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். திருத்தணியிலிருந்து மணவாளனும் திரும்பிவிட்டார். ஜானகிராமன் புதுப் பட்டு வேட்டியில் வந்தார்.

"காஞ்சிருச்சா பாஸ்கலு?"

காயவில்லை என்று சொல்ல அது கடைசிச் சந்தர்ப்பம். "காஞ்சாச்சு மொதலாளி. ரப்பர் இல்லயா, லேசா பிசுக்குனுதான் இருக்கும். அது கிரிப்பு" என்றார் பாஸ்கல். பையிலிருந்த விரலை வெளியே எடுக்கவில்லை.

ஜானகிராமனின் மனைவி எல்லம்மா ஜீப்புக்குக் கற்பூரம் காட்டி, உள்ளே கைநிறையப் பொரியை அள்ளி வீசினார். வீசிய பொரி உருளவில்லை, விழுந்த இடத்திலேயே நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை. போட்டோக்காரர், "சார், வண்டில ஏறி உக்காருங்க, சூப்பரா இருக்கும்" என்றார். மாலையும் கழுத்துமாக ஜானகிராமன் வெறுங்காலோடு பின்பக்கம் ஏறி, தகரத் திட்டின்மேல் கம்பீரமாக உட்கார்ந்தார். மூன்று போட்டோ எடுத்தார்கள். நாலாவதற்கு எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

முதலாளி எழுந்தார். வேட்டி எழவில்லை.

கால் ரெண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. குனிந்து வேட்டியைப் பிடுங்கக் கையை ஊன்றினார், கையும் மாட்டிக்கொண்டது. கையை இழுத்த வேகத்தில் வேட்டி அவிழ்ந்தே போய், அம்பத்தூர் எஸ்டேட்டில் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனுஷன் ரோஜா மாலையும் பட்டாபட்டி டிராயருமாகக் குடும்பங்கள் சூழ நின்றார். போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் அதையும் எடுத்துவிட்டார். பொம்பளைகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ரெண்டு பேர் மண்ணெண்ணெய் ஊற்றிக் காலை விடுவித்து அவரைக் குழந்தை மாதிரித் தூக்கி இறக்கினார்கள். வேட்டி பொரியோடு உள்ளேயே தங்கிவிட்டது.

யாருடைய துண்டையோ இடுப்பில் சுற்றிக்கொண்டு ஜானகிராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாஸ்கல் எதையாவது பேசிச் சமாளித்திருப்பார்.

"இன்னாத்துக்கு காயல?"

"ஈரம் மொதலாளி. மழ நாளு. அப்புறம் மிலிட்டரி தகரம் பாருங்க, அது சூட்ட இழுத்துக்கும்..." பாஸ்கல் பூசி மெழுகினார். அடிக்கிற பூச்சு வராவிட்டாலும் இந்தப் பூச்சு அவருக்கு நன்றாக வரும்.

அப்போது நாகேந்திரன் ஆணியில் மாட்டியிருந்த ரோலரைக் கொண்டுவந்தான். குறும்புக்காக இல்லை. அவனுக்குப் புரியவில்லை, கேட்கிறான், அவ்வளவுதான். ரோலரைத் தரையில் தட்டினான். டங் என்று சத்தம் கேட்டது. "அண்ணாத்தே, வண்டி காயல. ரோலர் மட்டும் எப்டி கல்லு மாதிரி காஞ்சுது?"

"ரோலரு வேற சரக்குபா" என்றார் பாஸ்கல். யாரோ பின்னால் சிரித்தார்கள்.

மணவாளன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சின்ன டப்பா எங்க? அது கலக்கறதுக்கு. ரெண்டையும் கலந்து அடிச்சாத்தான் இறுகும். அத்த கலக்காம அடிச்சா அடுத்த ஆயுத பூஜைக்கும் காயாது. சீட்டுல மொத வரியே அதானே."

"சீட்டு எங்க?" என்றார் ஜானகிராமன்.

பாஸ்கல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜானகிராமன் வாங்கவில்லை. "நீயே படி."

பாஸ்கல் சீட்டை விரித்தார். வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் கையால் எத்தனை ஆயிரம் தடவை வரைந்த எழுத்துகள் அவை. எஸ், டி, ஓ, எல்லாம் தெரிந்த முகங்கள்தான், ஒன்றும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. ஹில்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார்" என்று ஒரு குரல் வந்தது. ரோஸி முன்னால் வந்து நின்றாள். "அப்பா முந்தா நாளு என்கிட்டதான் சார் குடுத்தாரு. நான்தான் தப்பா படிச்சு சொல்லிட்டேன். சின்ன டப்பா கழுவறதுக்குன்னு நான்தான் சொன்னேன்."

பாஸ்கல் மகளைப் பார்த்தார். இப்போதாவது, ஐயா, இப்போதாவது ஒரு வார்த்தை. இல்லை மொதலாளி, பொண்ணு பொய் சொல்லுது என்று ஒரே ஒரு வார்த்தை.

"ஆமா மொதலாளி" என்றார் பாஸ்கல். குரல் தெளிவாக வந்தது, மார்புகூட நிமிர்ந்தது. "எனக்கு அப்பவே டவுட்டுதான். கான்வென்ட்ல படிக்கிற பொண்ணாச்சேன்னு நம்பிட்டேன்."

ஜானகிராமன் ரோஸியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கிலீஷ்ல எத்தினி மார்க்குமா நீ?"

வாங்கியது தொண்ணூற்று நாலு. அவள் அப்பனை ஒரு தரம் பார்த்தாள். "முப்பத்தஞ்சு சார். ஜஸ்ட் பாஸ்."

ஜானகிராமன் எல்லம்மாவிடம், அந்தப் பெண்ணுக்கு ரெண்டு பொட்டலமாகக் கொடுக்கச் சொன்னார். "நாகேந்திரா, நாளைலேர்ந்து அப்பாவு சேர்ல நீ உக்காரு" என்றார். எழுந்து போகும்போது, பாஸ்கலின் பக்கம் திரும்பாமலேயே, "இத்த முழுசா சொரண்டி எடுத்துட்டு பழைய பெயின்டே அடிச்சுடு. ஸ்பிரேல அடி" என்றார்.

மத்தியானம் மூன்று பேரும் எஸ்டேட் ரோட்டில் நடந்தார்கள். வாழைக்கன்று கட்டிய லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஹில்டா பத்தடி முன்னால் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. பாஸ்கலுக்கு இருமல் வந்தது. ஒரு கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமி முடிக்கும்வரை ரோஸி அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். மூச்சு திரும்பியதும் வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். நடந்ததெல்லாம் அவர் மனசில் அதற்குள் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. சீட்டை விரித்த ராத்திரியில் மகள் கையில் கொடுத்ததும், அவள் தட்டுத்தடுமாறிப் படித்ததும், தான் சந்தேகப்பட்டதும் கண்ணால் பார்த்த மாதிரித் தெரிந்தன.

"ஊர் சிரிக்க வெச்சிட்டியே ரோஸி" என்றார், கோபமில்லாமல், பெருந்தன்மையாக. "இனிமேலாவது ஒழுங்காப் படி."

"சரிப்பா" என்றாள் ரோஸி.